எங்கள் நாய் தின்னாத ஒரே இறைச்சி

"இந்த நாய் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சாப்பிடாத இறைச்சி எது?"

ஹட்டனில் மிருக வைத்தியர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். சிங்களத்தில்தான் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். பிள்ளைகளா, உங்கள் அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒரு கேள்வியில் நான் மாட்டிக்கொண்டதில்லை.

நான் நினைத்துப் போனது வேறு. ஒரு ஊசி போடுவார், ஒரு களிம்பு தருவார், மத்தியானத்துக்குள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நாயைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் காது இரண்டும் உள்ளே புண்ணாகிச் சிவந்திருந்தன. வயிற்றில் முடியே கிடையாது. பாதங்களை நக்கி நக்கிப் பச்சை இறைச்சிபோல ஆக்கி வைத்திருந்தது. எங்கள் லயத்தில், வரிசை வீடுகளில் இருக்கும் எல்லோரும் சொறி என்றார்கள். லொறியில் வடித்த கழிவு எண்ணெயைப் பூசச் சொன்னார்கள், பூசினேன். மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னார்கள், அதையும் பூசினேன். மஞ்சளும் எண்ணெயும் பூசிய நாய் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வைத்தியர் அம்மா தோலைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "சொறி இல்லை. பூச்சி ஒன்றும் இல்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்.

"புதுசா ஒன்னும் குடுக்கலியே மிஸ். ஏழு வருசமா தின்னதத்தான் தின்னுது."

"அதுதான் விஷயம். பல வருடம் சாப்பிட்டுப் பழகிய சாப்பாடுதான் ஒருநாள் உடம்புக்கு எதிரியாக மாறும்."

ஏழு வருடம் வளர்த்த சோறே எதிரியா?

பெரும்பாலும் இறைச்சியிலும் பாலிலும் முட்டையிலும் இருக்கும் சத்துதான் இப்படிச் செய்யும் என்றார். மாடு, கோழி, பால், சில நாய்களுக்குக் கோதுமை. எது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நாய் இதுவரை வாயில் வைக்காத ஒரு இறைச்சியைத் தெரிந்தெடுத்து, அதையும் உருளைக்கிழங்கையும் மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். அரிப்பு நின்றால், பழைய சாப்பாட்டில்தான் குற்றம் என்று தெரிந்துவிடும். வேறு எதுவும், ஒரு துண்டு ரொட்டிகூட, வாயில் படக்கூடாது.

"பால் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "நாய்க்கு எங்க மிஸ் பாலு! பிள்ளைங்களுக்கே பால்மாவ அளந்துதான் போடுறோம்."

இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சத்தியமாக அதுதான் உண்மை என்று நம்பினேன்.

எட்டு வாரம் என்றதும் நான் ஏன் விரலை மடக்கி நாளை எண்ணினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் தோட்டத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் உங்கள் மாமா அவரைக் கூட்டிவந்திருந்தார். மாமாவின் சின்ன மகளுக்குக் கையில் கொப்புளம் வந்திருந்தது. நாயின் சொறிதான் தொற்றிவிட்டது என்று மாமா பிடிவாதமாக நின்றார்.

"மச்சான், எனக்கும் அந்த நாய் மேல பாசந்தான். ஆனா புள்ளைக்கு அப்புறந்தானே நாயி?" என்றார்.

தலைவர் நல்ல மனுசர். உடனே விரட்டு என்று சொல்லவில்லை. "கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏத்துறதுக்குள்ள நாய் சொகமாகணும். இல்லாட்டி டயகமப் பக்கம் போற லொறியில ஏத்தி, காட்டோரம் எறக்கி விட்டுருவோம். லயத்துல எல்லாருக்கும் இது சம்மதம்" என்றார்.

காட்டோரம் இறக்கிவிட்ட நாய்க்கு என்ன நடக்கும் என்று நம் மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர். கொடியேற்றத்துக்கு எட்டு வாரமும் நான்கு நாளும் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவளின் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு லயத்தில் இறங்கினேன். பன்னிரண்டு காம்பரா. எங்களுடையதை விட்டால் பதினொன்று. நாய் எங்களுடையதுதான், ஆனால் லயத்து நாய்க்குக் கதவு கிடையாது. அதனால் வீடு வீடாகப் போய், என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், போடாதது எது என்று தெரிந்துவிடும். அதுதான் என் திட்டம்.

முதல் வீட்டில், "நாங்க ஒன்னுமே போடுறதில்லண்ணே" என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நாய் என்னைத் தாண்டிப் போய், அவர்கள் அடுப்படிக்கு நேராக, தரை தேய்ந்து பளபளப்பாகியிருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வாலை ஆட்டியது. வீட்டுக்கார அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "சரி சரி, கருவாட்டுத் தல மட்டும் எழுதிக்கங்க" என்றார்.

அடுத்த வீட்டில் முட்டை. அதற்கடுத்த வீட்டில் சோயா மீட். நான்காவது வீட்டுக்கார அண்ணன் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, ஹட்டனிலிருந்து மாட்டு நுரையீரல் வாங்கிவந்து போடுவதாகச் சொன்னார்.

"வீட்டுக்காரிக்குத் தெரியாது. டவுன்லயே அவிச்சு வாங்கியாந்துருவேன். அதுல பாதி நான் திங்கிறது. அத எழுதாதீங்க."

ஒரு வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி ஆட்டுக்குடல். ஒரு வீட்டில், எப்போதோ ஒரு தடவை, மரை என்கிற காட்டு மானின் இறைச்சி. மரையை வேட்டையாடினால் ஜெயில் என்பதால், அதைச் சொன்னவர் என் கையில் இருந்த பென்சிலையே பிடுங்கிக்கொண்டார். எனக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அதிர்ச்சி. நான் காலையிலும் மாலையிலும் ஒரு தட்டுச் சோறு போட்டுவிட்டு, நாயை நான்தான் வளர்க்கிறேன் என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா வீட்டு வாசலில் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் கையால ஒரு பருக்க போட்டதில்ல, மச்சான்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அப்ப தெனமும் கோழிக்கால் போடுறது யாரு? உங்கப்பனா எழுந்து வந்து போடுறாரு?"

மாமா தொண்டையைச் செருமினார். "வேட்டி கட்டுன மனுசன ஒரு நாயி அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா என்னா செய்யிறது? போடத்தான் வேணும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "கோழின்னு எழுதிக்க" என்றார்.

கொப்பியில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. கோழி, மாடு, ஆடு, முட்டை, கருவாடு, சோயா, மரை. நாய் சாப்பிடாதது இந்த உலகத்தில் இல்லையோ என்று பயந்துபோனேன். கடைசிக் காம்பராவில் இருக்கும், தேயிலைக் கொழுந்தெடுக்கும் அக்காவிடம் வெறுத்துப்போய்க் கேட்டேன்.

"பண்டிக்கறியாச்சும் போடாம இருந்தீங்களா?"

அக்கா என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பண்டிக்கறி வாங்குனா நாய்க்கு மிச்சம் வைப்பாங்களா? எலும்பையே நாங்க ரெண்டு தடவ சூப்புவோம்!"

திரும்பவும் பதினொரு வீட்டிலும் கேட்டேன். யாருமே நாய்க்குப் பன்றி இறைச்சி போட்டதில்லை. வாங்காத வீட்டில் வாங்காததால் போடவில்லை. வாங்கிய வீட்டில் மிஞ்சாததால் போடவில்லை. வைத்தியர் அம்மா கேட்ட கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைத்தது.

ஆனால் நம் வீட்டில் அது நுழையாது. உங்கள் அம்மா முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டதிலிருந்து அந்தக் கறி வீட்டுப்படி ஏறியதில்லை.

"என் சட்டியில அத வச்சீங்கன்னா, சட்டியையும் ஒங்களையும் சேத்து வெளிய வப்பேன்" என்றாள்.

அதனால் லயத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய பிஸ்கட் தகரத்தில் அவித்தேன். உப்பில்லை, மஞ்சளில்லை, ஒன்றுமில்லை. தலவாக்கலையில் ஒரு சிங்களவர் கடையில் கொழுப்பில்லாத துண்டாக வாங்குவேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த கையோடு அடுப்பூதும் என்னைப் பார்த்து லயமே சிரித்தது.

"நாய்க்குப் பண்டிக்கறி, நமக்குப் பருப்பா?" என்று ஒருவர் கேட்பார்.

"அடுத்த பொறப்புல இவரு வீட்டு நாயாப் பொறக்கணும்" என்று இன்னொருவர் சொல்வார்.

சிரித்தாலும் பதினொரு வீடும் வாக்குக் கொடுத்தது. ஒருவாய்ச் சோறுகூடப் போடமாட்டோம் என்றார்கள். மாமா தன் பங்குக்கு, கோழிக்கால் எலும்பைத் தாளில் சுற்றி எனக்குக் காட்டிவிட்டுக் குழியில் புதைத்தார். நாயையும் பகலெல்லாம் கட்டிப்போட்டேன். காலையில் மட்டும் ஒரு சுற்றுப் போய் வர அவிழ்த்துவிடுவேன்.

ஒரு வாரம் போனது. இரண்டு போனது. நான்கு வாரமும் போனது.

காது அப்படியேதான் இருந்தது. வயிற்றில் ஒரு முடி முளைக்கவில்லை. கட்டிய சங்கிலி அது சொறியச் சொறியக் கிணுகிணுவென்று அடிக்கும். அந்தச் சத்தம் எனக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது. வைத்தியர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "யாரோ ஏதோ கொடுக்கிறார்கள். நன்றாகப் பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பார்த்தேன். எல்லோரையும் பார்த்தேன். மாமாவோடு சண்டை போட்டேன். அவர் குழியைத் தோண்டி எலும்பை எண்ணிக் காட்டினார். நான்காவது வீட்டு அண்ணனிடம் நுரையீரலைப் பற்றி உரக்கக் கேட்டு, அவர் வீட்டில் ஒரு வாரம் கலவரத்தை உண்டாக்கினேன். அதற்குப் பிறகு ஒருநாள் மூத்தவளின் பள்ளிப் பையில் பிஸ்கட் தூள் இருப்பதைப் பார்த்தேன்.

மகளே, இந்த இடத்தை நான் உனக்கு எழுதுகிறேன். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினேன். "நான் போடலப்பா, அது நான் தின்னது" என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை. "ஒன்னாலதான் நாய் சாகப்போகுது" என்று சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லும் வார்த்தையா அது? நீ அழவில்லை. அன்று முழுக்க யாரோடும் பேசவும் இல்லை.

அடுத்த நாள் காலை நான் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது நீ எனக்கு முன்னே எழுந்து, வாசற்படியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நாய்க்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறாய் என்று புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நின்றபடி தேத்தண்ணியைக் குடித்தேன். கோப்பையில் அடியில் இரண்டு மடக்கு இருக்கும்போது, வழக்கம்போலக் குனிந்து, படிக்குப் பக்கத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினேன். நாய் எழுந்து வந்து நக்கியது.

நீ சிரட்டையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.

"அப்பா, என்னா ஊத்துனீங்க?"

"தேத்தண்ணி."

"பால் தேத்தண்ணி."

"ஆமா. ஏன்?"

"பால் குடுக்கக்கூடாதுன்னு அந்த மிஸ் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?"

கோப்பையைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. பெரட்டு மணி அடித்தது காதில் விழவில்லை. அன்று எனக்கு அரை நாள் வேலை போனது.

பிள்ளைகளா, நம் ஊரில் "சாப்பிட்டீங்களா?" என்பது ஒரு கேள்வி, "தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்பது இன்னொரு கேள்வி. காலையிலிருந்து நான்கு கோப்பை குடித்த மனிதன்கூட, "விடிஞ்சதிலருந்து ஒன்னும் சாப்பிடல" என்றுதான் சொல்வான். அவனை யாரும் பொய்யன் என்று சொல்லமாட்டார்கள். தேத்தண்ணி நமக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. மழைக்கு ஒதுங்கியவனுக்குக் கொடுப்பது, துக்க வீட்டில் கொடுப்பது, வேலைக்குப் போகுமுன் தொண்டையை நனைப்பது. நாய் என்ன சாப்பிடுகிறது என்று வைத்தியர் அம்மா கேட்டார். நானும் அதையேதான் வீடு வீடாகக் கேட்டேன். என்ன குடிக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. பால் கொடுப்பீர்களா என்று கேட்டபோதும் டம்ளரில் வெள்ளையாக இருக்கும் பால்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்றே கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பவும் பதினொரு வீட்டுக்கும் போனேன்.

"தேத்தண்ணி ஊத்துவீங்களா?"

முதல் வீட்டு அக்கா, "ஊத்துவோமே" என்றார். "காலையில வந்து நிக்கும். பாவம், குளிருக்குக் குடிச்சிட்டுப் போகட்டுமேன்னு. இன்னைக்கும் ஊத்துனேன்."

"ஒன்னும் போடமாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்களே!"

"தின்ன ஒன்னும் போடலியே! தேத்தண்ணியப் பத்தி நீங்க கேக்கலியே!"

ஏழு வீட்டில் அப்படித்தான். காலையில் நான் அவிழ்த்துவிட்ட அந்த ஒரு சுற்றில், எங்கள் நாய் வரிசையாக ஏழு வாசலில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, என் பன்றிக்கறித் தகரத்துக்கு முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்திருக்கிறது. யாரும் வாக்குத் தவறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், பால்மா கடையிலயே கெடைக்காமப் போச்சே, அந்த வருசம். எல்லாரும் வெறும் தேத்தண்ணிதானே குடிச்சோம்? அப்ப இந்த நாயப் பாத்தியா? மினுமினுன்னு இருந்துச்சே!"

ஆமாம். இருந்தது. அதற்கு முந்திய வருடம்தான் முதல்முறையாகச் சொறியத் தொடங்கியது. பால்மா இல்லாத அந்த மாதங்களில் தானாகவே நின்றது. கழிவு எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பால்மா திரும்பக் கடைக்கு வந்தது. அரிப்பும் திரும்ப வந்தது. கண் முன்னால் இருந்ததை லயமே பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து நாயின் சிரட்டையில் தண்ணீர் மட்டும். காலைச் சுற்றையும் நிறுத்திவிட்டேன். நானே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேட்டு றோட்டில் நடத்திக் கூட்டிப்போனேன். கொடியேற்றத்துக்கு நாலு வாரம்கூட முழுதாக இல்லை. முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் ஒருநாள் சங்கிலிச் சத்தம் கேட்காமல் நான் பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். நாய் வெயிலில் காலை நீட்டி உறங்கிக்கொண்டிருந்தது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் தலைவர் வந்தார். லயமே வாசலில் கூடிவிட்டது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து, நாயின் காதைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு வற்றித் தோல் உரிந்திருந்தது. வயிற்றைத் தடவினார். முள்ளுமுள்ளாக முடி முளைத்திருந்தது. முழுச் சுகம் இல்லை.

நான் பேசுவதற்குள் மாமா முன்னால் வந்தார். "தலைவரே, இது சொறி இல்ல. எம் புள்ளைக்கும் டாக்டர் மருந்து குடுத்து சொகமாயிருச்சு. நாயால வந்தது இல்லையாம். இந்த நாய்க்கு வந்தது நம்ம தேத்தண்ணியால."

கடைசிக் காம்பரா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தேத்தண்ணியக் குத்தம் சொல்லாதீங்க! நாங்க எடுக்குற கொழுந்துல ஒரு குத்தமும் இல்ல. பால்மாவச் சொல்லுங்க!"

தலைவர் சிரித்தபடி எழுந்தார். "லொறி வேணாம். ஆனா திருவிழாவுக்கு வர்ற சொந்தக்காரங்க கிட்டயெல்லாம் சொல்லி வைங்க" என்றார். மாமா திருவிழா மூன்று நாளும் தன் வீட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "நாய்க்கு ஒன்னும் போடாதீங்க, தேத்தண்ணியும் ஊத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

முடி நன்றாக வளர்ந்த பிறகு நாயைத் திரும்ப ஹட்டனுக்குக் கூட்டிப்போனேன். நடந்ததைச் சொன்னதும் வைத்தியர் அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டார். இனி எல்லோரிடமும் நாய் என்ன குடிக்கிறது என்று தனியாகக் கேட்பேன் என்றார். பிறகு, பால்தான் என்று உறுதியாகத் தெரிய, ஒரே ஒரு தடவை அதையே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பால் காரணமில்லை என்று உறுதியானால் மற்ற இறைச்சிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டிவரும், பால்தான் என்றால் கோழியும் கருவாடும் மெதுவாகத் திரும்பக் கொடுக்கலாம் என்றார்.

மனமில்லாமல்தான் ஊற்றினேன். காலையில் ஊற்றினேன். அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் நாய் பாதத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் போகவில்லை. என் கையால் கொடுத்தது என்ன செய்கிறது என்று உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கோழி வந்தது, கருவாடு வந்தது, ஒன்றும் செய்யவில்லை. மாமா மறுபடி கோழிக்கால் போடுகிறார். பிஸ்கட் தகரம் கூரையில் கவிழ்ந்து கிடக்கிறது.

நாய் மட்டும் காலையில் நான் கோப்பையை எடுத்ததும் வந்து நிற்கிறது. சிரட்டையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். இத்தனை வருடமாக அடியில் இருக்கும் அந்த இரண்டு மடக்கை நான் குடித்ததே இல்லை. இப்போது குடிக்கிறேன். சீனி எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கிறது. இனிப்பான பங்கைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மகளே, அந்தக் காலைக்குப் பிறகு நீ என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. நான் அடித்ததைப் பற்றி ஒருநாளும் கேட்டதும் இல்லை. நீ கேட்காவிட்டாலும், தப்பு என்னுடையது என்று நான் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.